செமாபோக்கில் செய்த கித்தார்

கோப்பியில் சீனி கூடியிருந்தால் சொல்லுங்கள், லாயர் ஐயா, வேறு கலக்கித் தருகிறேன். இந்தக் காஜா பேராங் வட்டாரத்தில் யார் எவ்வளவு சீனி போட்டுக் குடிப்பார்கள் என்பது எனக்குத் தெரியும்; நீங்கள்தான் புதிது. டோபிக்காரன் பொன்னையாவுக்கு இதெல்லாம் எதற்கு என்று கேட்காதவர்கள் இல்லை. நான் அடுத்தவர் விஷயத்தில் மூக்கை நுழைக்கிறவன் அல்ல. விஷயம்தான் அழுக்கு மூட்டையோடு என் வீட்டுக்கு வந்துவிடுகிறது.

நீங்கள் ஜெயபாலனுக்காக வாதாட வந்திருக்கிறீர்கள். அவனுடைய கித்தாரிலிருந்தே தொடங்குகிறேன்.

அது அமெரிக்காவில் செய்த மின்சாரக் கித்தார். மெர்டேக்கா வந்து நாடு சுதந்திரமான பிறகு ஊர் திரும்பிய ஒரு வெள்ளைக்காரச் சிப்பாய் அவனிடம் விட்டுப் போனது. சிவப்பு வர்ணம். கம்பி முடுக்கும் தலைப்பக்கத்தில் சிப்பாய் சிகரெட்டைச் செருகிவைத்து உண்டான கறுப்புத் தழும்பு. கல்யாண வீட்டில் ஜெயபாலன் அதை எடுத்தால் பந்தியில் பாதிப் பேர் கையைக் கழுவாமல் எழுந்து வந்துவிடுவார்கள்.

தேவதாஸ் பக்கத்துச் செமாபோக்கில் ரேடியோ ரிப்பேர் செய்தவன். ஜெயபாலனின் தங்கை விஜயாவைக் கட்டிக்கொள்ள இருந்தவன். வருங்கால மச்சானின் கித்தாரை இரவல் வாங்கி, அளவெடுத்து, அதேபோல ஒன்றைச் செய்தான். மரம், பழைய அலமாரிக் கதவு. காந்தமும் கம்பிச்சுருளும் செத்துப்போன ரேடியோக்களிலிருந்து வந்தன. தழும்பைக்கூட விடவில்லை. புகை பிடிக்காத பையன், அதற்காகவே ஒரு சிகரெட்டைப் பற்றவைத்து இருமித் தொலைத்தான். இரண்டையும் பக்கத்தில் வைத்தால் ஜெயபாலனே ஒரு நிமிஷம் விழிப்பான்.

கோப்பிக்கடையில் வேறு பேச்சே இல்லை. நாடு நம்முடையதாகிவிட்டது, கித்தார் மட்டும் ஏன் அவர்களுடையதாக இருக்க வேண்டும் என்று ஒரு கட்சி. நான் எதிர்க்கட்சி. அசல் பாடும், நகல் கத்தும் என்றேன். பழைய மரத்துக்குள் வெயில் ஊறியிருக்கும், அலமாரிக் கதவுக்குள் பாச்சை உருண்டைதான் ஊறியிருக்கும் என்றேன். கித்தாரைத் தொட்டுக்கூடப் பார்த்திராதவன் நான். ஆனால் பேசப் பேச எனக்கே அது உண்மையாகிக்கொண்டு வந்தது.

அடுத்த மேசையிலிருந்த வேலாயுதம் கேட்டான்: "அண்ணே, அமெரிக்காக் கித்தாருக்கு என்னா வயசு?"

"அதெல்லாம் பழசுலா."

"ஏழெட்டு வருசந்தான் இருக்கும்ணே. அந்த அலமாரி எங்க தாத்தா காலத்துச் சாமான். நாந்தான் கதவைக் கழட்டிக் குடுத்தேன்."

கடை சிரித்தது. நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே, கண்ணைக் கட்டிவிட்டாலும் அசல் எது என்று சொல்லிவிடுவேன் என்றேன். வாய் என்னுடையது, அது எப்போதும் எனக்கு முன்னால் நடக்கும்.

விஜயாவுக்குப் பரிசம் போட்ட அன்று மத்தியானம் ஜெயபாலன் வீட்டு முற்றத்தில் படுக்கை விரிப்பைத் திரையாகக் கட்டினார்கள். விரிப்பு நான் வெளுத்ததுதான். நீலம் சற்றுக் கூடியிருந்தது. திரைக்குப் பின்னால் தேவதாஸ் மட்டும் இரண்டு கித்தார்களோடு உட்கார்ந்தான். முதலில் ஒரு பாட்டு. பிறகு அதே பாட்டு மறுபடியும். நான் கண்ணை மூடி, தலையைச் சாய்த்து, நாதஸ்வர வித்துவான்கள் செய்வதையெல்லாம் செய்தேன்.

"முதல்ல வாசிச்சது அசல். ரெண்டாவதுல உயிரில்ல" என்றேன்.

தேவதாஸ் திரைக்கு மேல் தலையை நீட்டி, "அண்ணே சொன்னதுதான் சரி" என்றான். ஒரே கைதட்டல். ஜெயபாலன் எனக்கு மாலை போட்டான். மாப்பிள்ளைக்குப் போட்ட மாலைதான். அதைக் கழுத்தில் போட்டபடியே வீட்டுக்கு நடந்தேன், சுற்றுவழியாக.

மறுநாள் தேவதாஸ் துணி கொண்டுவந்தான். மூட்டையை வைத்துவிட்டு நின்றான்.

"அண்ணே, கோவிச்சுக்காதீங்க. ரெண்டு தடவையும் ஒரே கித்தார்தான். நான் செஞ்சது. அமெரிக்காக் கித்தார்ல கம்பி அறுந்துபோச்சு. எல்லாரும் ஆசையா இருந்தாங்களா, கெடுக்க வேணாம்னு விட்டுட்டேன்."

நான் மூட்டையைப் பிரித்து உருப்படிகளை எண்ணத் தொடங்கினேன்.

"யார்கிட்டயும் சொல்லமாட்டேண்ணே. விஜயா மேல சத்தியம்."

அவன் சொல்லவே இல்லை. அதுதான் என்னால் தாங்க முடியாமல் போனது. சொல்லியிருந்தால் நாலு நாள் சிரித்து மறந்திருப்பார்கள். கோப்பிக்கடையில் நான் அசலைப் பற்றி வாய் திறக்கும்போதெல்லாம் அவன் தலையை ஆட்டி, ஆமாண்ணே, ஆமாண்ணே என்பான். கேலி இல்லை. கேலி இருக்கிறதா என்று நன்றாகத் தேடிப் பார்த்தேன். இல்லை.

ஒருநாள் ஜெயபாலனுக்குச் சட்டை கொடுக்கப் போனேன். அவன் வாசித்துக்கொண்டிருந்தான். மடித்த சட்டைகளை நாற்காலியில் வைத்துவிட்டு, "தம்பி, சத்தம் மாறியிருக்கே" என்றேன்.

"மாறலியேண்ணே. புதுக்கம்பி, அதான்."

"கம்பி இல்ல. மரம். அன்னைக்கு ரெண்டாவதா கேட்டேனே, உயிரில்லாதது, அதுதான் இது. தேவதாஸ் கம்பி மாத்த எடுத்துட்டுப் போனப்ப மாறிப்போச்சோ என்னமோ. நான் ஒண்ணும் சொல்லல."

அவ்வளவுதான். யோசித்துப் பாருங்கள், வேறு யார் சொல்லியிருந்தாலும் ஜெயபாலன் நம்பியிருக்க மாட்டான். ஊரார் முன்னால் கண்ணை மூடிக்கொண்டு கண்டுபிடித்தவன் சொல்கிறேன். அந்தப் பெயரை எனக்கு வாங்கிக் கொடுத்தவனே தேவதாஸ்தான்.

ஜெயபாலன் கித்தாரைத் தூக்கிக்கொண்டு செமாபோக்குக்கு நடந்தான். நானும் பின்னால் போனேன். எனக்கு அந்தப் பக்கம் துணி எடுக்க வேண்டியிருந்தது.

"என் கித்தார் எங்கடா?"

"உங்க கையில இருக்குறதுதாண்ணே உங்களுது."

"பொன்னையாண்ணே கேட்டுட்டுச் சொன்னாரு, இது நீ செஞ்சதுன்னு. அவரு காது தப்புமா?"

தேவதாஸ் வாசலில் நின்ற என்னைப் பார்த்தான். ஒரு வார்த்தை போதும், தப்பித்திருப்பான். "அதப் பத்தி நான் ஒண்ணும் சொல்ல முடியாதுண்ணே, சத்தியம் பண்ணிருக்கேன்" என்றான். சொல்லும்போது அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்காக அடக்கப் பார்த்தான், முடியவில்லை.

திருட்டுச் சிரிப்பு என்று ஜெயபாலன் நினைத்துக்கொண்டான். நகல்தானே, உடைந்தால் உடையட்டும் என்றுதான் கையிலிருந்ததை அவன் தலையில் ஓங்கிப் போட்டிருப்பான். அசல் கனமானது, ஐயா. அந்த விஷயத்தில் நான் கோப்பிக்கடையில் சொன்னது சரிதான். பெரியாஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே தேவதாஸ் முடிந்துவிட்டான்.

சாயங்காலம் விஜயா ஒரு வெள்ளைச் சட்டையைக் கொண்டுவந்தாள். முகூர்த்தத்துக்கு எடுத்தது. "இதப் போட்டு அனுப்பணும்ணே, நல்லா தேய்ச்சுக் குடுங்க" என்றாள். காலரில் ஒரு சுருக்கம் இல்லாமல் தேய்த்துக் கொடுத்தேன். கூலி வாங்கவில்லை. என்னை அப்படிப்பட்ட ஆள் என்று நினைத்துவிட வேண்டாம்.

இனி நீங்கள் கேட்க வந்ததற்குப் பதில். கித்தார் மாறவில்லை. மாறவில்லை என்று தெரிந்தேதான் சொன்னேன். வாசலில் நின்றபோதும் தெரியும். 'தம்பி, நிறுத்து, எனக்கு ஒன்றும் தெரியாது' என்று நான் சொல்லியிருந்தால் ஒருவன் செத்திருக்க மாட்டான், இன்னொருவன் தூக்குக்குக் காத்திருக்க மாட்டான். வாயைத் திறந்தேன். நான் திறந்தும் அது பேசாமல் நின்ற ஒரே தடவை அதுதான்.

நீதிபதி முன்னாலும் இதையே சொல்லச் சொல்கிறீர்கள். சொல்கிறேன். ஒரே ஒரு வேண்டுகோள். போலீசில் இருக்கிற உடைந்த கித்தாரை ஒட்டிக் கம்பி கட்டி, செமாபோக்குக் கித்தாரோடு சேர்த்துக் கோர்ட்டுக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். திரையும் கட்டட்டும். அன்றைக்கு அவன் ஒன்றைத்தானே வாசித்தான், அதை ஒரு பரீட்சை என்று சொல்ல முடியுமா? யாராவது இரண்டையும் ஒழுங்காக வாசிக்கட்டும், ஐயா. கேட்டவுடன் சொல்லிவிடுவேன்.