லிஃப்டின் கடைசி நடை

போலீஸ் ஸ்டேஷனில் எதிரி கொடுத்த வாக்குமூலம். வயது ஐம்பத்திரண்டு, தொழில் லிஃப்ட் மெக்கானிக், குடியிருப்பது கம்பெனி கொடுத்த குவார்ட்டர்ஸ். மூட்டு வலியோடு நடப்பதால் எல்லோரும் என்னை மூட்டு மெக்கானிக் என்றுதான் கூப்பிடுவார்கள்.

எங்கள் கம்பெனி லிஃப்டை இயக்கும் எலெக்ட்ரானிக் கார்டுக்குள் ஒரு கணக்கு ஓடுகிறது. மூன்று லட்சம் நடை முடிந்ததும் கார்டு தானாகவே செத்துப்போகும்படி செய்திருக்கிறார்கள். அதில் ஒரு பழுதும் இருக்காது. நாங்கள் போய்ப் பார்த்துவிட்டு, கார்டு போய்விட்டது, புதிதுதான் போட வேண்டும் என்று கூசாமல் சொல்ல வேண்டும். நானும் பதினோரு வருடம் சொன்னேன். கணக்கு முடிவதற்குள் மொட்டைமாடி மிஷின் ரூமில் சர்வீஸ் சாவியைச் செருகினால் கணக்கைப் பின்னுக்குத் தள்ளலாம். முடிந்துவிட்டால் மேனேஜர் தரும் நம்பர் இல்லாமல் ஒன்றும் நடக்காது. மனசு கேட்காமல் இரண்டு வருடமாக யாருக்கும் தெரியாமல் தள்ளிக்கொண்டு வந்தேன்.

நேற்று முன்தினம் காலை பத்து மணிக்கு அந்த ஆறு மாடிக் கட்டடத்துக்கு அதற்காகத்தான் போனேன். ஐம்பது நடையாவது மிச்சம் இருக்கும் என்று நினைத்தேன். மூன்றாம் மாடிக்காரர் வீட்டைக் காலி செய்து சாமானெல்லாம் லிஃப்டில் இறக்கியது எனக்குத் தெரியாது. படியேற மூட்டு இடம் கொடுக்காது என்று லிஃப்டிலேயே ஏறினேன். ஐந்தாம் மாடித் தையல்கார அம்மாவும் ஏறினார். அதுதான் கடைசி நடை. நான்காம் மாடியில் நின்று விளக்கும் அணைந்தது. கதவும் அதே கார்டில் ஓடுவதால் திறக்கவில்லை. என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

அதன் பிறகு மேனேஜருக்குப் போன் போட்டு, உள்ளே ஆஸ்துமாக்கார அம்மா இருக்கிறார், நம்பரைச் சொல்லுங்கள் என்று கெஞ்சினேன். "முதல்ல புதுக் கார்டுக்கு அந்த ஃப்ளாட் செக்ரட்டரிகிட்ட கையெழுத்து வாங்கு" என்றார். உள்ளே மாட்டிக்கொண்டு எங்கே போய் வாங்குவது? அந்த அம்மா என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டு, "ஏன் தம்பி, ரிப்பேர் பண்றவரு நீங்கதானே? அப்புறம் யார்கிட்ட கெஞ்சுறீங்க?" என்று கேட்டார். அவருக்கு மூச்சு விட்டு விட்டு வந்தது.

அதன் பிறகு ஸ்குரூ டிரைவரால் கதவை நெம்பித் திறந்து, அவரை வெளியே படியில் உட்காரவைத்து, அவர் மகள் மருந்து கொண்டுவரும்வரை இருந்து, அதன் பிறகு மொட்டைமாடிவரை நடந்தே ஏறி, கார்டைப் பிடுங்கிக் காலால் மிதித்து உடைத்தேன். ஆத்திரத்தில்தான் உடைத்தேன். கம்பெனி கொடுத்த புகார் அந்த அளவில் சரி.

இன்னொன்றும் எழுதிக்கொள்ளுங்கள். அன்று காலை எட்டு மணிக்குப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். அங்கே ஸ்ட்ரெச்சர் லிஃப்டில் மிச்சம் நானூற்றுப் பத்து நடை. மேனேஜர் கூடவே நின்றதால் கணக்கைத் தள்ள முடியவில்லை. ஒரு நாளைக்கு இருநூறு நடை ஓடும். என் தங்கை அங்கேதான் ஸ்ட்ரெச்சர் தள்ளுகிறாள். இரண்டு நாளாக நான் இந்த அறையில் இருக்கிறேன். சாவி சாட்சிப் பொருளாக உங்கள் பீரோவில் இருக்கிறது. கம்பெனியைக் கேட்டால் அப்படி ஒரு கணக்கே இல்லை என்பார்கள்.

ஏட்டையா வாசித்துக் காட்டினார், நான் சொன்னபடியே இருக்கிறது, சொன்னதில் பொய் இல்லை. கையெழுத்தும் போடுகிறேன். என்னை விடாவிட்டாலும் சரி, யாரிடமாவது அந்தச் சாவியைக் கொடுத்து அனுப்புங்கள். போகிறவரைப் படியேறிப் போகச் சொல்லுங்கள்.

(ஒப்பம்)