சனிக்கிழமை நோய்

நல்ல கால்நடை மருத்துவரைக் கண்டுபிடிப்பதும் நல்ல தையல்காரரைக் கண்டுபிடிப்பதும் ஒன்றுதான். நாலு இடம் ஏறி இறங்க வேண்டும். நான் முதலில் ஏறியது உங்கள் படிதான், டாக்டர். இன்று மறுபடி வந்திருக்கிறேன். குட்டியைத் தொடுவதற்கு முன்பு, பழைய நாய்க்கு என்ன ஆயிற்று என்று கேட்கிறீர்கள். நியாயமான கேள்வி. சொல்கிறேன்.

ஆரம்பித்து வைத்தது என் மகள்தான். “அப்பா, துரைக்கு வயசாகுது. திடீர்னு ஏதாவதுன்னா கையைப் பிசைஞ்சுக்கிட்டு நிக்காதீங்க. பக்கத்துல ஒரு டாக்டரைப் பாத்து வைங்க. மாசாமாசம் அவனுக்குன்னு ஏதாவது ஒதுக்கி வைங்க.”

இதையும் போனில்தான் சொன்னாள். அவள் அம்மா போன பிறகு வீட்டுப் பக்கம் வருவது அரிது. துரை அவள் பள்ளி நாட்களில் தூக்கி வந்த நாய்.

ஒரு வியாழக்கிழமை, என் தட்டில் ஒதுக்கியிருந்த வதக்கிய வெங்காயத்தைத் துரை தின்றுவிட்டான். அது தற்செயல். சனிக்கிழமை அவனால் எழுந்து நிற்க முடியவில்லை. வெங்காயம் நாயின் ரத்தத்தைக் கெடுக்கும் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன். மகள் அடுத்த வண்டி பிடித்து வந்தாள். இரண்டு நாள் இருந்தாள். என் சட்டைகளுக்குப் பொத்தான் தைத்தாள். துரையின் தலையை மடியில் வைத்துக்கொண்டு என்னோடு பேசினாள்.

அடுத்த மாதம் நடந்தது தற்செயல் இல்லை.

நீங்கள் கெட்டிக்காரர். மூன்றாம் முறை அவன் வெளுத்த ஈறுகளைப் பார்த்துவிட்டு, “அதென்ன சார், உங்க துரைக்கு லீவு நாள் பாத்துத்தான் உடம்பு கெடுது?” என்று சிரித்தீர்கள். கண் சிரிக்கவில்லை. அதன் பிறகு சந்தைப் பக்கத்துப் பெரியவரிடம் மாறினேன். அவர் எதையும் எழுதி வைப்பதில்லை. “நாய்க்கும் வயசாகுது, நமக்கும் வயசாகுது, விடுங்க சார்” என்பார். எனக்கு ஏற்ற டாக்டர்.

ஆனால் நான் எழுதி வைத்தேன். முப்பது வருடம் பேருந்து நிலையத்தில் நேரக் காப்பாளன். வண்டி வந்து நிற்பதற்கு முன்பே அது வரும் நேரத்தை எழுதிப் பழகிய கை. துரையின் செலவு நோட்டில் ஒரு மாதம் முன்பே போட்டுவிடுவேன்: பதினாலாம் தேதி, சனி, சோர்வு, ஊசி, டிரிப், இவ்வளவு. மகள் சொன்னபடி ஒதுக்கி வைத்தேன், அவ்வளவுதான்.

போன மாதம் துரை ஊசி போட்டும் எழவில்லை. புதைத்துவிட்டு வந்தோம். “எவ்வளவு ஆச்சுப்பா, நான் தர்றேன்” என்று மகள் நோட்டைத் திறந்தாள். அதில் அடுத்த மாதத்துக்கும் எழுதியிருந்தது. பழைய பக்கங்களையும் திருப்பிப் பார்த்தாள்.

“அவனுக்கு எந்த நாள் முடியாமப் போகும்னு உங்களுக்கு எப்படிப்பா முன்னாடியே தெரியும்?”

துரையின் கழுத்துப்பட்டையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். பெரியவரிடமும் சொல்லியிருக்கிறாள், என்னைக் கண்டால் கதவைச் சாத்துகிறார்.

ஆமாம், நான்தான் வெங்காயம் கொடுத்தேன். ஒன்பது முறை. ஒவ்வொரு முறையும் அளந்துதான் கொடுத்தேன். அவன்மேல் எனக்கு உயிர்.

இந்தக் குட்டியின் படத்தை அவளுக்கு அனுப்பியிருக்கிறேன். பார்த்துவிட்டாள், பதில் இல்லை. புது நோட்டு எதுவும் வாங்கவில்லை, பயப்படாதீர்கள். தடுப்பூசி மட்டும் போடுங்கள். ஈறுகளைப் பார்க்க வேண்டாம், டாக்டர். இன்று செவ்வாய்தானே ஆகிறது.