சுவரில் சுடுகிற பெட்டி

"காத்தாடி மெதுவாச் சுத்தினா, சுவரில இருக்கிற பெட்டி சுடுகுது காக்கா."

கிண்ணியாவுக்குப் போகும் தோணிக்காக எனக்கு முன்னால் நின்ற இரண்டு பேரில், பட்டாளத்து ஆசுபத்திரியில் வேலை செய்பவர்தான் இப்படிச் சொன்னார். அவர் அண்ணன் முறையில் 'காக்கா' என்று கூப்பிட்ட மூத்தவர் திரும்பினார்.

"வேகமாச் சுத்தினாத்தானே சுடவேணும்?"

"நானும் அப்பிடித்தான் நினைச்சனான். சண்டைக்கு வந்த வெள்ளைக்காரன் ஒருத்தன், குளிர்காய்ச்சல், கிடந்து நடுங்கினான். காத்தைக் குறைக்கப் பெட்டியில இருக்கிற பிடியைத் திருப்பினன். பெட்டி கொதிக்குது. நெருப்புப் பிடிக்கப்போகுதெண்டு கரண்ட்காரரிட்ட ஓடினன். காத்தாடிக்குப் போகாம மறிச்ச கரண்ட்தான் அதுக்குள்ள சூடாகுதாம். பயமில்லையாம்."

"பிறகு?"

"துவாய்த் துண்டு ஒண்டைப் பெட்டிக்கு மேல பிடிச்சுச் சூடாக்கி, அவன்ட காலில சுத்திவிட்டன். நடுக்கம் குறைஞ்சுது."

தோணி வந்து கரை தட்டியது. மூத்தவர் ஏறவில்லை.

"அப்ப, அவனுக்கு வேண்டாமெண்ட காத்துத்தான் அவன்ட காலைச் சூடாக்கியிருக்கு," என்றார்.