ஒற்றை ஆள் தூக்கிய கட்டில்

எழுபதுகளில் ஒரு காலை, மூணாறிலிருந்து போடிக்குப் போகும் பேருந்தில் எனக்கு முன் இருக்கையில் எஸ்டேட் பெண்கள் இருவர் உட்கார்ந்திருந்தார்கள். ஜன்னலோரம் இருந்தவள் சொன்னாள்: “மாப்பிள்ளை கட்டில ஒத்தையாளாத் தூக்கிட்டாரு மதினி. அங்கதான் மாட்டிக்கிட்டோம்.”

கட்டிலைத் தூக்கியதில் மாட்டிக்கொள்ள என்ன இருக்கிறது என்று எனக்குப் புரியவில்லை. நல்லவேளையாக மதினியும் அதையே கேட்டாள்.

“தேக்குன்னுல்ல சொல்லி மகளுக்குச் சீர் குடுத்தோம்? தேக்குன்னா நாலு ஆள் வேணும். இது தேயிலைக்கு நெழலுக்கு நிக்குமே, அந்தச் சில்வர் ஓக்கு.”

“பாத்தாத் தெரியாதா?”

“தெரியாது. வெளுத்த மரம், எந்தச் சாயம் போட்டாலும் குடிச்சுக்கிரும். இழைச்சா வழவழன்னு இருக்கும். ஈரத்தோட செஞ்சாத்தான் முறுக்கிக்கிரும். நாங்க நல்லாக் காயவச்சுத்தான் செஞ்சோம்.”

“சம்பந்தியம்மா சும்மாவா விட்டாக?”

“‘தக்கையக் குடுத்து ஏமாத்திட்டீக. எங்க வீட்டு அலமாரியப் பாருங்க, அசல் ஈட்டி மரம், தேக்க விடக் கனம்’னு ஒரே சத்தம். எனக்குத் தலை நிமிரல. எம் மக கண்ணு கலங்கி நின்னா. அப்புறம், கட்டில் போட எடம் வேணும்ல, அலமாரிய ஓரமாத் தள்ளப் போனா.”

“தள்ள முடிஞ்சுச்சா?”

“ஒரு கையாலயே தள்ளிட்டா மதினி.”

பேருந்து ஒரு வளைவில் திரும்பியது. மதினி கம்பியைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்: “சம்பந்தியம்மா என்ன சொன்னாக?”

“எல்லாருக்கும் காப்பி போட உள்ள போயிட்டாக. சீனி கூடுதலாவே போட்டிருந்தாக.”