நான் கொடுத்த பெயர்

என் பெயர் ரஸல் ஹேவர்டு. வயது 54. மிச்சிகன் வடபகுதியில் ஏரிச் சாலை 418ஆம் எண் வீட்டில் தனியாக வசிக்கிறேன். இருபத்திரண்டு ஆண்டுகள் கல்லூரியில் சமூகவியல் கற்பித்தேன். பிறகு துறையை மூடி என்னை அனுப்பிவிட்டார்கள். என்னிடம் படித்தவரின் புத்தகத்தைத்தான் இப்போது எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள். இது தேவையில்லை என்றார் இந்த வாக்குமூலத்தைப் பதியும் அதிகாரி. எழுதச் சொன்னேன்.

2019 மார்ச் 11, திங்கட்கிழமை காலை, மாவட்ட வனத்துறை அலுவலகத்தில் குண்டு வெடித்து எழுத்தர் லோர்னா பெல்கி இறந்தது தொடர்பாக இதைச் சொல்கிறேன். அந்தக் குண்டை வைத்த வெய்ன் ஹேகலாவை எனக்குத் தெரியும்.

சொந்த ஊரின் மீதே ஒருவன் ஏன் குண்டு வைக்கத் துணிகிறான் என்று நான் புத்தகம் எழுதி வந்தேன். அதற்காக ஜனவரி முதல் செவ்வாய்தோறும், உறைந்த ஏரியின் மேல் வெய்ன் நிறுத்தியிருந்த மீன்பிடிக் குடிசைக்குப் போய் அவருடன் பேசினேன். மர ஆலை மூடியதையும், மனைவி போனதையும், வனத்துறை தன் வேட்டை உரிமத்தைப் பறித்ததையும் அவர் சொன்னார். பெயரை வெளியிட மாட்டேன் என்று எழுதிக் கொடுத்து, குறிப்பேட்டில் அவருக்கு ஆலன் டர்னர் என்று பெயர் வைத்தேன். எங்கள் துறையின் வழக்கம் அது. அதன் பின்பு, ஒருவன் அப்படித் துணிவதற்கு வறுமையோ பைத்தியமோ காரணமல்ல, மரியாதை போனதும் கேட்க ஆளில்லாததுமே காரணம் என்று அவருக்கு விளக்கினேன்.

“ஏன் வாத்தியாரே, நீங்கதான் கேட்டுக்கிட்டு இருக்கீங்களே?” என்றார்.

“நான் புத்தகத்துக்காகக் கேக்கறேன்.”

“தெரியும். அதுக்காச்சும் ஒரு ஆள் வர்றீங்களே. மீனைத் திருப்பிப் போடுங்க, கருகுது.”

மார்ச் 5ஆம் தேதி போனபோது, சட்டப்படி குடிசைச் சுவரில் எழுதியிருந்த அவருடைய பெயரும் முகவரியும் சுரண்டப்பட்டிருந்தன. திங்கட்கிழமை வனத்துறை அலுவலகத்துக்கு ஒரு பாடம் கற்பிக்கப்போவதாகச் சொன்னார். என்ன பாடம் என்று நான் கேட்கவில்லை. அவர் தன் சமையல் அடுப்பை எனக்குக் கொடுக்க முன்வந்தார். நான் வாங்கவில்லை.

அதன் பின்பு 7ஆம் தேதி பகல் ஷெரீப் அலுவலகத்துக்கு நானே தொலைபேசியில் பேசினேன். திங்கட்கிழமை வனத்துறை அலுவலகத்தைக் கவனியுங்கள் என்றேன். செய்யப்போவது யார் என்று தொலைபேசியை எடுத்த பெண் கேட்டார். பழக்கத்தால் ஆலன் டர்னர் என்றேன். எங்கே இருக்கிறார் என்றார். தெரியாது என்றேன். அந்தப் பெயரில் மாவட்டத்தில் யாரும் இல்லை என்று கண்டு, பொய்த் தகவல் என அவர்கள் விட்டுவிட்டதாக இன்று அறிகிறேன்.

இதைப் படித்துக் காட்டியபோது ஒரு திருத்தம் கேட்டேன். ‘பழக்கத்தால்’ என்ற சொல்லை என் கையால் அடித்திருக்கிறேன். வெய்னின் உண்மையான பெயர் என் வாயில் இருந்தது. தகவலும் சொன்னதாக இருக்கட்டும், 12ஆம் தேதி செவ்வாய்க்கிழமை போக எனக்கு ஓர் இடமும் இருக்கட்டும் என்று நினைத்தேன்.

திருத்தியபடி அனைத்தும் உண்மை. யாரும் வற்புறுத்தாமல் சொன்னேன்.

(ஒப்பம்) ரஸல் ஹேவர்டு
பதிந்தவர்: துப்பறிவாளர் ஜோன் பெலக்