பின்சீட்டு ஃபேன்

எனக்கு உட்கார்ந்து பேச வராது சார். கை பரபரக்கும். நின்றுகொண்டே சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள்.

புவனகிரியில் இருபத்திரண்டு வருஷமாகக் கார்களுக்கு ஒயரிங் பார்க்கிறேன். கலியமூர்த்தியின் காருக்கும் அதே வயது இருக்கும். மூட்டுவலிக்கார அம்மா விருத்தாம்பாளுக்காகப் பின்சீட்டில் ஒரு சின்ன ஃபேன் மாட்டச் சொன்னார். மாட்டினேன். நான்காம் நாளே ஃபியூஸ் போனது. வேறு போட்டேன், அதுவும் போனது.

மூன்றாவது தடவை வந்தபோது பக்கத்து டீக்கடையில் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். முறைக்கு நான் அவருக்கு மாமா.

"மாமாவுக்குக் கண்ணு மங்கிப்போச்சு. இந்த வாட்டி ஆவலன்னா கடலூருக்கு எடுத்துட்டுப் போறேன்" என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

அன்றுதான் கோளாறு தெரிந்தது. சீட்டுக்கடியில் கையை விட்டுத் தடவினேன். நான் முடுக்கிய திருகே ஒயரின் தோலைக் கிழித்திருந்தது. சீட்டைக் கழற்றி ஒயரை மாற்ற ஒரு மணி நேரம் போதும். ஆனால் கலியமூர்த்தி கூடவே நின்றார், கழற்றினால் திருகைப் பார்த்துவிடுவார். போன ஃபியூஸின் இரண்டு காலையும் செம்புக் கம்பியால் சுற்றித் திரும்பச் செருகினேன். அவசரத்துக்கு எல்லாரும் செய்வதுதான். அந்தக் கம்பி போகாது, ஒயர்தான் காய்ந்து பற்றும். தெரிந்துதான் செய்தேன்.

"நாளைக்கு மாசப் பூசம், வடலூர் போறோம். அம்மாவுக்குக் காத்து வரும்ல?"

"ஜோரா வரும்" என்றேன்.

மறுநாள் காலை முழுக்க எனக்கு நிலைகொள்ளவில்லை. நாலு தடவை போனை எடுத்தேன், நாலு தடவையும் கீழே வைத்தேன். சேத்தியாத்தோப்பு தாண்டி வண்டி எரிந்தது, பின்கதவு திறக்காமல் கலியமூர்த்திக்குக் கை வெந்தது, அந்தம்மா உள்ளேயே செத்துப்போனது எல்லாம் உங்கள் காகிதத்தில் இருக்கிறது. அந்தம்மா மேல் எனக்கு ஒரு கோபமும் கிடையாது. போகும்போதெல்லாம் மோர் கொடுப்பார்.

உங்கள் காகிதத்தில் இல்லாதது ஒன்று உண்டு. வண்டி பற்றுவதற்குப் பத்து நிமிஷம் முன்னால் கலியமூர்த்தி எனக்குப் போன் செய்தார்.

"மாமா, ஏதோ கருகுற நாத்தம் வருது. நிறுத்தி அம்மாவ எறக்கிடவா?"

"வாணாம். புது டேப்பு வாடை அது. நீ ஓட்டு."

"நீங்க சொன்னா சரிதான் மாமா. நேத்து ஏதோ பேசிட்டன், மனசுல வெச்சுக்காதீங்க."

நான் எதையும் மனதில் வைத்துக்கொள்கிற ஆள் இல்லை சார். போனை வைத்ததும் நன்றாகப் பசித்தது. பல நாளுக்குப் பிறகு அன்றைக்குத்தான் வயிறாரச் சாப்பிட்டேன்.