மூணாவது வரிசை ஜன்னல்

சில்வியா: என்னங்க, டிபன் டப்பாவுல மைசூர் பாக் இருக்கு?

டேவிஸ்: ஆங்... பஸ்ல கொடுத்தாங்க. உனக்குத்தான் எடுத்துட்டு வந்தேன். சாப்பிடு.

சில்வியா: வேண்டாம். மதியமே ஆஸ்பத்திரியில ஒருத்தி ஸ்வீட் கொடுத்தா, ஆச்சு. பஸ்லன்னா... உங்க கம்பெனி பஸ்லயா?

டேவிஸ்: ம்.

சில்வியா: அப்ப யாரோ சீட்டை விட்டுட்டாங்க.

டேவிஸ்: ஏன், யாருக்காவது பொறந்தநாளா இருக்கக் கூடாதா?

சில்வியா: பொறந்தநாளுக்கு உங்க பஸ்ல சாக்லேட்டுதான். மைசூர் பாக்குன்னா ஒருத்தர் சீட்டை விட்டுட்டு, அடுத்து உட்காரப் போறவன் பேரைச் சொல்லிட்டாருன்னு அர்த்தம். கல்யாணம் ஆன நாள்லேருந்து இந்தச் சட்டமெல்லாம் கேட்டுக் கேட்டுக் காது புளிச்சுப்போச்சு. எனக்கேவா?

டேவிஸ்: சரி தாயே. விட்டாங்க. போதுமா?

சில்வியா: யாரு?

டேவிஸ்: யாரோ... பின்னாடி சீட்டு ஆளு.

சில்வியா: யாரோவா! அந்த பஸ்ல எவன் தும்மினாலும் வீட்டுக்கு வந்து சொல்ற மனுஷன்...

டேவிஸ்: காபி கொடு முதல்ல. பெங்களூர் ஆஸ்பத்திரி வேலைக்கு என்ன சொல்லப் போற? இன்னைக்குத்தானே கெடு?

சில்வியா: பாருங்க, பேச்சை மாத்துறதை.

டேவிஸ்: மாத்தல சில்வி. நிஜமாத்தான் கேக்குறேன்.

சில்வியா: என்னத்தைச் சொல்ல... கட்டடத்துக்கு இன்னும் பெயிண்ட் கூட அடிக்கல. மார்ச்ல திறப்பாங்களாம். திறக்கலைன்னா? திறந்து ஆறு மாசத்துல ஆளைக் குறைச்சா?

டேவிஸ்: டயாலிசிஸ் பிரிவு முழுக்க உன் கையிலன்னு சொல்லியிருக்காங்கல்ல?

சில்வியா: சொல்லியிருக்காங்க.

டேவிஸ்: இங்க எத்தனை வருஷமா எல்லா வேலையும் நீ பாக்குற, பேரு மட்டும் வேற ஒருத்தருக்கு. மிஷின் நின்னா உன்னைத்தான் கூப்பிடுறாங்க. ஞாயித்துக்கிழமை சர்ச் பூசையில பாதியில எழுந்து ஓடுற.

சில்வியா: அதுக்காக? அந்த ஊர்ல ஒரு வீட்டு வாடகைக்கு இங்க ரெண்டு வீடு கிடைக்கும். அட்வான்ஸ் கேட்டா மயக்கம் வருது. தண்ணியைக் கூட லாரியில வாங்கணுமாம். நம்ம காவிரி நம்ம வீட்டுக் குழாயில வருது, அதை விட்டுட்டுப் போய்...

டேவிஸ்: அங்க வர்றதும் காவிரிதான்டி.

சில்வியா: அதுக்கு வேற ரேட்டு.

டேவிஸ்: நம்ம ஏரியா பேருலயே அங்கயும் ஒரு ஹெப்பாள் இருக்கு, தெரியும்ல? யாராவது கேட்டா, ஹெப்பாள்லேருந்து ஹெப்பாளுக்குத்தான் போறோம்னு சொல்லிக்கலாம்.

சில்வியா: போறோமா?

டேவிஸ்: ...போறேன்னு. நீ போறேன்னு சொல்ல வந்தேன்.

சில்வியா: ஹௌதா?

டேவிஸ்: ஹௌது ஹௌது, ஆமாதான். கன்னடத்துல கேட்டா மட்டும் மாட்டிக்குவேனா?

சில்வியா: நான் மட்டும் போனா, நீங்க?

டேவிஸ்: நானா? சனிக்கிழமை சாயந்திரம் ரயில் ஏறி வந்துடுவேன். வாரத்துல ஆறு நாள் கேன்டீன் சாப்பாடு. நம்ம பொண்ணு மனிஷாவும் மங்களூர் ஹாஸ்டல்ல அதைத்தானே சாப்பிடுறா.

சில்வியா: மனிஷாவுக்குப் பதினெட்டு வயசு, கல்லைத் தின்னாலும் செரிக்கும். உங்களுக்கு ராத்திரி தயிர் இல்லைன்னா தூக்கம் வராது. ரசம் வைக்கத் தெரியுமா? போன மாசம் நான் நைட் டியூட்டி போனப்ப அடுப்புல வச்ச பால்...

டேவிஸ்: அந்தப் பாலை இன்னும் எத்தனை நாளைக்குக் காய்ச்சுவ?

சில்வியா: வேண்டாங்க. காலம் சரியில்ல. உங்க ஃபேக்டரியில மூணாவது ஷிப்ட்டையே எடுத்துட்டாங்க. காண்ட்ராக்ட் பசங்க எல்லாரையும் அனுப்பியாச்சு. நாளைக்கு உங்களுக்கும் ஏதாவதுன்னா, ஒருத்தர் சம்பளத்துல ரெண்டு ஊர்ல குடித்தனம் பண்ண முடியுமா? முரளிதரன் சாரை மறந்துட்டீங்களா?

டேவிஸ்: அவர் கதை வேற.

சில்வியா: என்ன வேற? பெங்களூர்ல பெரிய வேலைன்னு பஸ் முழுக்க மைசூர் பாக் கொடுத்துட்டுப் போனார். மூணே மாசத்துல அனுப்பிட்டாங்க. உங்க கம்பெனிக்கே திரும்பி வந்தா அவர் சீட்டுல இன்னொருத்தன்.

டேவிஸ்: சட்டம்னா சட்டம்தான். கொடுத்தா கொடுத்ததுதான்.

சில்வியா: இன்னைக்கும் கதவோரம் நின்னுட்டுத்தானே வர்றார்?

டேவிஸ்: ...ஆமா. நின்னுட்டுத்தான். டிரைவர் கரியப்பன் கூட, சீட்டைத் திரும்ப வாங்கித் தரட்டுமான்னு கேட்டுப் பார்த்தான். அவரே வேண்டாம்னுட்டார்.

சில்வியா: அதான் சொல்றேன்.

டேவிஸ்: என்ன சொல்ற?

சில்வியா: காலையில டியூட்டிக்குப் போனதும் பெங்களூருக்குப் போன் பண்ணினேன்.

டேவிஸ்: பண்ணி?

சில்வியா: வரலன்னு சொல்லிட்டேன்.

டேவிஸ்: என்னது!

சில்வியா: மெதுவா. காபி கொட்டுது.

டேவிஸ்: வரலன்னா சொன்ன? என்கிட்ட ஒரு வார்த்தை கேக்காமலா?

சில்வியா: கேட்டா என்ன சொல்லியிருப்பீங்க? போ, நான் பார்த்துக்குறேன்னு வீரமாச் சொல்லிட்டு, இங்க தனியா உட்கார்ந்து பாலைப் பொங்க விடுவீங்க. உங்களை விட்டுட்டு எனக்கு என்ன பெரிய வேலை?

டேவிஸ்: அய்யோ ஆண்டவரே... சில்வி, நான் சீட்டைக் கொடுத்துட்டேன்டி!

சில்வியா: எந்த சீட்டை?

டேவிஸ்: என் சீட்டைத்தான்! எல்லாருக்கும் மைசூர் பாக் கொடுத்தது நான்தான். காலையில கணேஷ்குமாரை உட்கார வச்சாச்சு. அவனுக்கு முதுகுவலி, மூணு வருஷமா நின்னுட்டே வர்றான்...

சில்வியா: மூணாவது வரிசை ஜன்னலையா? மழையும் வெயிலும் படாது, திரும்பி வர்றப்ப மலை லைட்டு தெரியும்னு என்கிட்ட தினம் பெருமை அடிப்பீங்களே, அதையா?

டேவிஸ்: அதேதான்.

சில்வியா: எதுக்கு?

டேவிஸ்: எதுக்குன்னா... பெங்களூர் கோடவுனுக்கு மாத்தச் சொல்லி எழுதிக் கொடுத்தேன். நேத்துதான் சரின்னாங்க. அடுத்த மாசம் போகணும்.

சில்வியா: கோடவுன்லயா? அங்க ஏது சூப்பர்வைசர் வேலை?

டேவிஸ்: சூப்பர்வைசர் இல்ல. ஸ்டோர்ஸ். வர்ற மூட்டை, போற மூட்டை...

சில்வியா: கீழ் வேலைக்கா போறீங்க? எனக்காகவா?

டேவிஸ்: இதனாலதான் சொல்லல. இப்படிக் கண்ணு கலங்கினா நான் என்ன செய்ய? இங்க மட்டும் என்ன கிழிக்கிறேன்? ஆளே இல்லாத லைனுக்கு சூப்பர்வைசர். மிஷினைப் பார்த்து குட்மார்னிங் சொல்லிட்டு வர்றேன். அங்க மூட்டையாவது இருக்கும்.

சில்வியா: நான் வரலன்னு சொல்லியிருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?

டேவிஸ்: சொல்லிட்டியே! சொல்லிட்டு வந்து காபி ஆத்துறியே!

சில்வியா: கணேஷ் வீட்டுல போய்ச் சொல்லியிருப்பானே. அவன் பொண்டாட்டி காவேரி எங்க ஆஸ்பத்திரி லேப்லதான இருக்கா.

டேவிஸ்: அவன்கிட்ட சத்தியம் வாங்கிட்டேன். சீட்டை யார் கொடுத்தாங்கன்னு காவேரிகிட்ட மூச்சு விடக் கூடாதுன்னு. அவளுக்குத் தெரிஞ்சா அடுத்த நிமிஷம் உனக்குத் தெரியும். நீ பதில் சொல்ற வரைக்கும் எனக்காகன்னு யோசிக்காம, உனக்காக யோசிக்கணும்னு நினைச்சேன். எல்லாம் தலைகீழாப் போச்சு. நானும் முரளிதரன் சாரும் இனிமே கதவோரம் ஜோடியா நிக்க வேண்டியதுதான்.

சில்வியா: நல்லா இருக்கும். அவர் கொஞ்சம் குள்ளம், நீங்க உயரம்.

டேவிஸ்: சிரிக்காத. போனை எடு. இப்பவே கூப்பிடு.

சில்வியா: கூப்பிட்டு?

டேவிஸ்: காலையில சொன்னது தப்பு, வர்றேன்னு சொல்லு.

சில்வியா: யார் யார் வர்றோம்னு கேட்டா?

டேவிஸ்: ரெண்டு பேரும்னு சொல்லு! வாடகை ஆனது ஆகட்டும், தண்ணி லாரியில வரட்டும். ரெண்டு பேர் வேலையும் ஒரே நாள்ல போனா ஒண்ணா ரயில் ஏறித் திரும்பி வந்துக்கலாம். சீக்கிரம், ஆபீஸ் மூடிடுவாங்க...

சில்வியா: மைசூர் பாக்ல இன்னும் கொஞ்சம் நெய் இருந்திருக்கலாம்.

டேவிஸ்: நீ எங்க சாப்பிட்ட? டப்பாவுல அப்படியே இருக்கு.

சில்வியா: உங்களுது இல்ல. மதியம் காவேரி கொடுத்தது.

டேவிஸ்: காவேரியா... அந்தக் கணேஷ் பயல் சத்தியத்தை மீறிட்டானா?

சில்வியா: பாவம், மீறல. யார் கொடுத்தாங்கன்னு வாயே திறக்கலையாம். மூணாவது வரிசை ஜன்னல் கிடைச்சிருச்சுன்னு மட்டும் அவளுக்குப் போன் பண்ணிச் சொல்லியிருக்கான். சந்தோஷத்துல அவ கேன்டீன்ல வாங்கி வார்டு முழுக்கக் கொடுத்தா. மூணாவது வரிசை ஜன்னல்னதும் அது உங்க சீட்டு, எனக்காகத்தான் விட்டிருக்கீங்கன்னு புரிஞ்சிருச்சு. அங்கேயே நின்னு பெங்களூருக்குத் திரும்பப் போன் பண்ணி, வர்றேன்னு சொல்லிட்டேன்.

டேவிஸ்: அடிப்பாவி! அப்ப இவ்வளவு நேரமும்...?

சில்வியா: உங்க வாயால வரட்டும்னுதான் பார்த்தேன். ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சதும் கிளம்பணும், வீடு பார்க்க. ரயில்ல ரெண்டு டிக்கெட் போட்டாச்சு. ஜன்னல் சீட்டு உங்களுக்கு.